மேலே ஒருவர், கீழே ஒரு சுற்றம்: லக்கோட்டா மக்களின் ஹன்பிளேச்செயா

வட அமெரிக்காவின் பெருஞ்சமவெளியில் வாழும் லக்கோட்டா மக்களிடம் ஹன்பிளேச்செயா என்றொரு சடங்கு உண்டு. ஒருவர் சோறு தண்ணீர் இல்லாமல், ஒரு பகல் இரவிலிருந்து நான்கு பகல் இரவு வரை, ஒரு குன்றின் மேல் தனியாக இருந்து, தனக்கு ஒரு காட்சி கிடைக்க வேண்டும், வழி தெரிய வேண்டும் என்று அழுது மன்றாடுவார். ஆங்கிலத்தில் இதை ‘விஷன் குவெஸ்ட்’ என்கிறார்கள். அந்தப் பெயரில் இன்று பல நாடுகளில் கட்டண முகாம்கள் நடக்கின்றன. நான் இங்கே சொல்லப்போவது அவற்றுக்கெல்லாம் மூலமாக இருக்கும் சடங்கைப் பற்றி. அதில் யார் என்ன செய்கிறார்கள், வெளியாள் ஒருவர் கலந்துகொள்ள முடியுமா, முடிந்தால் அவருக்கு அங்கே என்ன வேலை என்பதைப் புதிதாகக் கேள்விப்படுபவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

தன்னைத் தானே தேடிக்கொண்டு போகும் தனிப் பயணம் என்றுதான் பலரும் இதை நினைக்கிறார்கள். மேலே நிற்பவர் ஒருவர்தான், உண்மை. ஆனால் அவரை அங்கே நிறுத்தி வைப்பது கீழே இருக்கும் குடும்பமும் சுற்றமும். அவர்கள் இல்லாமல் இந்தச் சடங்கே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

லக்கோட்டாக்கள், வெளியார் ‘சூ’ என்று அழைத்த பெரிய இனக்கூட்டத்தின் மேற்குப் பிரிவினர். ஒக்லாலா, சிச்சாங்கு, ஹங்க்பாபா என்று தொடங்கி அவர்களுக்குள் ஏழு கிளைகள். இன்று பெரும்பாலும் தெற்கு டகோட்டா மாநிலத்திலும் அதை ஒட்டியும் உள்ள பைன் ரிட்ஜ், ரோஸ்பட், ஸ்டாண்டிங் ராக், ஷயென் ரிவர் போன்ற ஒதுக்கீட்டு நிலங்களில், அதாவது பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட ‘ரிசர்வேஷன்’களில் வாழ்கிறார்கள். முன்னொரு காலத்தில் வெண் காட்டெருமைக் கன்றுப் பெண் என்ற புனிதப் பெண் வந்து, சனுன்பா என்னும் புனிதப் புகைக்குழாயை அவர்களிடம் கொடுத்துப் போனாள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏழு சடங்குகள் அந்தக் குழாயோடு சேர்ந்தவை. ஹன்பிளேச்செயா அதில் ஒன்று; வேர்வைக் குடிலான இனிபியும், கோடையில் ஊர் கூடி நாள்கணக்கில் ஆடி வேண்டிக்கொள்ளும் சூரிய நடனமும் மற்ற இரண்டு. அந்த முதல் குழாய் இன்றும் ஷயென் ரிவர் நிலத்தில், தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தின் காவலில் இருக்கிறது. இப்போதைய காவலர் ஆர்வால் லுக்கிங் ஹார்ஸ், பத்தொன்பதாவது தலைமுறை.

சரி, ஒருவர் குன்றுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யார் போவார்கள்? முன்பெல்லாம் வாலிப வயதை எட்டும் பையன்களை அனுப்புவது வழக்கமாக இருந்தது. ஆனால் அது ஒரு வயதோடு முடிகிற விஷயமாக இருந்ததில்லை. போருக்குப் போகும் முன், வீட்டில் ஒருவர் நோயில் கிடக்கும்போது, சூரிய நடனத்துக்குத் தயாராகும்போது, நன்றி சொல்ல என்று பெரியவர்களும் போனார்கள். இன்றும் போகிறார்கள். பெண்களும் போவதுண்டு.

முதல் வேலை, வழிநடத்தும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போவது. விச்சாஷா வாக்கன், அதாவது புனித மனிதர் என்று இவரைச் சொல்வார்கள். வெறுங்கையோடு போகக் கூடாது. புகையிலை நிரப்பிய குழாயையோ, குறைந்தபட்சம் புகையிலையையோ அவர் முன் நீட்டிக் கேட்க வேண்டும். அவர் அதை வாங்கிக்கொண்டால் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்று பொருள். பல குடும்பங்களில் அதற்கப்புறம் ஓராண்டு தயாரிப்பு. அடிக்கடி இனிபிக்கு வர வேண்டும், பாட்டுகளைக் கேட்டுப் பழக வேண்டும், மற்றவர்கள் குன்றுக்குப் போகும்போது கீழே நின்று உதவ வேண்டும். இந்த ஓராண்டில் அந்தப் பெரியவருக்கு ஆளைப் பற்றி நன்றாகத் தெரிந்துவிடும். எத்தனை நாள் நிற்க விடலாம், உடம்பு தாங்குமா, எதற்காகப் போகிறார் என்பதெல்லாம் அவர் கணக்கில் வரும்.

தயாரிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது புகையிலை முடிச்சு கட்டும் வேலை. பருத்தித் துணியை விரல்கடை அளவுக்குச் சதுரம் சதுரமாக நறுக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு துண்டை எடுத்து, நடுவில் ஒரு சிட்டிகை புகையிலை வைத்து, ஒரு வேண்டுதலைச் சொல்லி, துணியின் நான்கு ஓரத்தையும் கூட்டிச் சுருட்டி, நீளமான நூலில் ஒரு சுருக்குப் போட்டு இறுக்குவார்கள். நூலை அறுப்பதில்லை. அடுத்த துண்டு, அடுத்த வேண்டுதல், அடுத்த சுருக்கு. இப்படி நூற்றுக்கணக்கில் போகும். 405 என்று கணக்கு வைத்துக் கட்டுபவர்களும் உண்டு. கட்டியதைச் சிக்கல் விழாமல் ஓர் அட்டையிலோ குச்சியிலோ சுற்றிக்கொண்டே வருவார்கள். சிக்கு விழுந்தால் குன்றின் மேல் பிரிக்கும்போது பெரும்பாடு. முந்நூறாவது முடிச்சில் என்ன வேண்டிக்கொள்வது? தன்னைப் பற்றிய கவலையெல்லாம் அதற்குள் தீர்ந்திருக்கும். அத்தை, மாமா, பக்கத்து வீட்டு நோயாளி, சிறையில் இருக்கும் தம்பி, குடியை விட முடியாத நண்பன், இறந்துபோனவர்கள் என்று பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். குன்றின் மேல் அவரைச் சுற்றி எல்லையாக நிற்கப்போவது இந்த நூல்தான்.

இதில் வேலையாளும் குறைவில்லை. அக்காவோ அம்மாவோ துணி நறுக்கிக் கொடுப்பார்கள், பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நட்சத்திரப் போர்வை தைப்பார். எட்டு முனை நட்சத்திரம் ஒன்று நடுவில் விரிந்திருக்கும் ஒட்டுத்துணிப் போர்வை அது. காட்டெருமைத் தோல் போர்த்திய இடத்தில் இன்று பெரும்பாலும் அதுதான் குன்றுக்குப் போகிறது.

குறித்த நாளில் இனிபி. வில்லோ கொம்புகளை வளைத்துக் கட்டிய தாழ்வான குடில். மேலே ஒரு காலத்தில் தோல், இப்போது கேன்வாஸும் கம்பளியும். வெளியே நெருப்பில் சிவக்கச் சுட்ட கற்களை உள்ளே நடுக்குழியில் இறக்கி, கதவை மூடி, இருட்டில் கல் மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆவி எழும். பாட்டும் வேண்டுதலுமாக நான்கு சுற்று; ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கதவு திறக்கும். முடிந்து வெளியே வருபவர் அதற்கப்புறம் யாரிடமும் பேசுவதில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகக் குன்றுக்குப் போவார்.

மேலே அவருக்கு ஒதுக்கிய இடம் ஓர் ஆள் படுத்து எழுந்து நிற்கும் அளவுதான். சில வழிமரபுகளில் அதில் ஒரு குழி வெட்டுவதும் உண்டு. தரையில் சேஜ் செடியைப் பரப்புவார்கள். இந்த சேஜ் நம் மரிக்கொழுந்துக்கு நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். அதனால் அந்த வாசனை எப்படி இருக்கும் என்று தமிழ் வாசகர் ஓரளவு ஊகிக்கலாம். நான்கு மூலையிலும் கொம்பு நட்டு, திசைக்கொரு நிறமாகத் துணி கட்டுவார்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்பது பரவலான வரிசை. எந்தத் திசைக்கு எது என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வித்தியாசம் இருக்கும். முடிச்சு நூலை நான்கு கொம்பையும் சுற்றி ஓட்டிவிட்டு, வழிநடத்தும் பெரியவர் இறங்கிவிடுவார். உள்ளே நிற்பவர் அந்த நூலைத் தாண்டக் கூடாது.

அப்புறம் என்ன செய்வார்? மேற்கு, வடக்கு, கிழக்கு, தெற்கு என்று ஒவ்வொரு திசையாகத் திரும்பி, குழாயை நீட்டி, வாக்கன் டாங்கா என்ற பெரும்புனிதத்தையும் துன்காஷிலா என்ற பாட்டனையும் அழைத்து, என் மேல் இரக்கம் வையுங்கள், என் மக்கள் வாழ வேண்டும் என்று மன்றாடுவார். தனக்காக மட்டும் அழுபவரைப் பெரியவர்கள் மெச்சுவதில்லை. பகலில் வெயில் 35 டிகிரியைத் தாண்டலாம், இரவில் குளிர் நடுக்கும். சமவெளியின் கோடைப் புயல் சாதாரணப் புயல் இல்லை. இடியும் ஆலங்கட்டியும் சேர்ந்து வரும், ஒதுங்க இடம் கிடையாது. எந்தப் பறவை எந்தப் பக்கமிருந்து வந்தது, எறும்பு எங்கே ஏறியது, காற்று எப்போது திரும்பியது என்று சின்னச் சின்ன விஷயத்தையும் கவனிக்கச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். சின்ன உயிர்களும் செய்தி கொண்டு வரலாம் என்பது அவர்கள் கொள்கை. கொள்கை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் பசியோடும் தாகத்தோடும் இருப்பவருக்கு அந்த எறும்புதான் பேச்சுத்துணை.

கீழே என்ன நடக்கிறது என்பதைக் கட்டண முகாம்களின் விளம்பரங்கள் சொல்வதே இல்லை. அவர் இறங்கும் வரை அடிவாரத்தில் ஒரு நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். இரவில் முறை வைத்து விழித்திருந்து விறகு போடுவார்கள். அடிக்கடி குடிலுக்குள் போய் அவருக்காகப் பாடுவார்கள். சாப்பிடும்போதும் தண்ணீர் குடிக்கும்போதும் அவர் பேரைச் சொல்லி, அவருக்காகவும் என்று குடிப்பவர்கள் உண்டு. கீழே சண்டை, கூச்சல், குடி எதுவும் கூடாது. அதெல்லாம் மேலே நிற்பவரைப் பாதிக்கும் என்று நம்புகிறார்கள்.

நிற்க வேண்டிய நாட்கள் முடிந்ததும் பெரியவர் போய் அழைத்து வருவார். மீண்டும் இனிபி. கண்டதையும் கேட்டதையும் அங்கே அவரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதற்குப் பொருள் சொல்வது அவர் வேலை. ஒன்றுமே தெரியவில்லை என்றாலும் அதை அப்படியே சொல்லலாம். தோல்வி என்று யாரும் எண்ணமாட்டார்கள், அடுத்த ஆண்டு திரும்ப நிற்கலாம். அதன் பின் தண்ணீர், சோறு, எல்லோருக்கும் விருந்து, நின்றவர் வீட்டார் கையால் மற்றவர்களுக்குப் பரிசு. நன்றி சொல்லும் இந்த விருந்தை வோபிலா என்பார்கள்.

கண்ட காட்சி யாருக்குச் சொந்தம்? ஒக்லாலா புனித மனிதர் பிளாக் எல்க்கின் வாழ்க்கையைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். 1863இல் பிறந்தவர். ஒன்பது வயதில் கடும் நோயில் கிடந்தபோது, கேட்காமலே அவருக்கு ஒரு பெரும் காட்சி வந்தது: திசைக்குப் பன்னிரண்டாக நான்கு நிறக் குதிரைகள், வானவில் வாசல் கொண்ட கூடாரத்தில் ஆறு பாட்டன்மார். அதை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டார். பதினாறு, பதினேழு வயதில் இடிச் சத்தம் கேட்டாலே நடுங்கும் நிலைக்கு வந்தார். எங்கே போனாலும் நேரமாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்று கூப்பிடுவது போல இருந்ததாம். கடைசியில் ஒரு பெரியவரிடம் சொல்ல, காட்சியை ஊர் பார்க்க நடத்திக் காட்டினால்தான் அச்சம் போகும் என்றார் அவர். 1881இல் நிஜக் குதிரைகளோடும் ஆட்களோடும் அதைக் குதிரை நடனமாக நடத்தினார்கள். அச்சம் விட்டது. அதன் பிறகுதான் அவர் முறைப்படி குன்றில் நின்று ஹன்பிளேச்செயா செய்தார். அங்கே கண்டதையும் பின்னால் ஊர் நடுவில் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. கிடைத்ததைத் தனக்குள்ளேயே பூட்டி வைக்க அந்த மரபு விடுவதில்லை. ‘என் ஆன்மிக அனுபவம்’ என்று ஒருவர் எடுத்துக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறிவிட முடியாத இடம் இது.

இந்தச் சடங்குக்குப் பேர்போன இடம் பேர் பியூட். லக்கோட்டாவில் மாட்டோ பஹா, கரடி மலை. தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ் ஊருக்குப் பக்கத்தில், சமவெளியிலிருந்து சுமார் 1,250 அடி தனியாக எழுந்து நிற்கிறது. பூமிக்கடியிலிருந்து உருகிய பாறை மேலே தள்ளி, வெடிக்காமலே உறைந்துபோன மலை என்கிறது நிலவியல். இன்னொரு சமவெளிப் பழங்குடியினரான ஷயென் மக்களுக்கும் இது தலையாய புனிதத் தலம். அவர்களுடைய ஸ்வீட் மெடிசின் என்ற முன்னோர் புனித அம்புகளைப் பெற்றது இங்கேதான். பாதையோரப் பைன் மரங்களில் வெயிலில் வெளுத்த வேண்டுதல் துணிகளும் புகையிலை முடிச்சுகளும் தொங்கும்.

அந்த மலை 1961 முதல் மாநிலப் பூங்கா. வழிபட வருபவரும் பொழுதுபோக்க வருபவரும் ஒரே பாதையில். 1980களின் தொடக்கத்தில் பூங்கா நிர்வாகம் சாலையும் வண்டி நிறுத்துமிடமும் பார்வை மேடையும் கட்ட, ஒக்லாலா பெரியவர் ஃபிராங்க் ஃபூல்ஸ் க்ரோவும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை. 1938இல் தொடங்கிய ஸ்டர்ஜிஸ் மோட்டார் சைக்கிள் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஆகஸ்டிலும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். மலைக்கு அருகே பெரிய மதுக்கூடம் வருவதை எதிர்த்து 2006இல் பழங்குடியினர் திரண்டு போராடினார்கள். சில பழங்குடி அரசுகள் மலையைச் சுற்றி நிலத்தை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கின்றன. தங்கள் கோயிலை ஒட்டிய மண்ணைத் தாங்களே காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. இதை நினைக்கும்போது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

காரணம், அந்த நிலம் முழுவதும் அவர்களுடையது. 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தம் பேர் பியூட்டை ஒட்டிய கருங்குன்றுகளை, அதாவது பிளாக் ஹில்ஸை, அவர்களுக்கென்று எழுதிக் கொடுத்தது. 1874இல் அங்கே தங்கம் தெரிந்தது, 1877இல் அமெரிக்கா நிலத்தைப் பறித்துக்கொண்டது. பறித்தது தவறு என்று 1980இல் உச்ச நீதிமன்றமே சொல்லி, பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பீட்டை உறுதி செய்தது. அந்தப் பணத்தை இன்றுவரை அவர்கள் தொடவில்லை. நிலம்தான் வேண்டும் என்கிறார்கள். சடங்குகளுக்கும் இதே கதிதான். 1883இல் வந்த விதிகளின்படி சூரிய நடனம் குற்றம், மருத்துவப் பெரியவர்களின் சடங்குகளும் குற்றம். தண்டனையாக ரேஷனை நிறுத்தலாம், சிறையில் அடைக்கலாம். 1934இல் தடை தளர்ந்தது. பழங்குடியினரின் மத உரிமையைச் சட்டமாக எழுதியது 1978இல்தான். இடைப்பட்ட காலத்தில் மறைவான ஓடைக்கரைகளில், இரவில், சொந்தக்காரர்கள் காவல் இருக்க, இந்தச் சடங்கை உயிரோடு வைத்திருந்தார்கள். இன்று குன்றின் மேல் போகும் ஒவ்வொருவரும் அந்த ஆட்களுக்குக் கடன்பட்டவர்.

அதனால்தான் பணம் என்ற பேச்சு வந்தால் லக்கோட்டா பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. 1993இல் லக்கோட்டா பிரதிநிதிகளும் அவர்களின் உறவினங்களான டகோட்டா, நகோட்டா பிரதிநிதிகளும் கூடி, தங்கள் ஆன்மிகத்தைச் சுரண்டுபவர்கள் மேல் போர் என்றே அறிவித்தார்கள். 2003இல் ஆர்வால் லுக்கிங் ஹார்ஸ் வெளியிட்ட பிரகடனம், எந்தச் சடங்குக்கும் விலை வைக்கவே கூடாது என்றது. சடங்கின் மையத்துக்குள் பழங்குடியினர் மட்டுமே வர வேண்டும் என்றும் கேட்டது. இந்த இரண்டாவது விஷயத்தில் எல்லோருக்கும் ஒரே கருத்து இல்லை. மனசு சுத்தமாக வருபவரைத் தள்ளக் கூடாது என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விலை விஷயத்தில் மரபு தெளிவு: கட்டணப் பட்டியல் இருந்தால் அது லக்கோட்டா சடங்கு இல்லை.

பணம் கொடுத்தால் வெறும் ஏமாற்றத்தோடு முடியும் என்றும் நினைக்க வேண்டாம். 2009 அக்டோபரில் அரிசோனாவின் செடோனா அருகே, ஒரு சுய முன்னேற்றப் பேச்சாளர் ஆளுக்குப் பத்தாயிரம் டாலர் அளவுக்கு வாங்கி ஒரு முகாம் நடத்தினார். வந்தவர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் 36 மணி நேரம் பாலைவனத்தில் தனியாக விட்டார். அதற்கு விஷன் குவெஸ்ட் என்று பெயர். திரும்பி வந்த அன்றே ஐம்பதுக்கும் மேற்பட்டோரை ஒரே வேர்வைக் கூடாரத்துக்குள் வைத்தார். மூன்று பேர் இறந்தார்கள். 2011இல் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் உறுதியாகி அவர் சிறைக்குப் போனார். ஒரு லக்கோட்டா குடிலில் தண்ணீர் ஊற்றுபவர், உள்ளே இருப்பவர்களை ஆண்டுக்கணக்கில் அறிந்தவர். யாராவது திணறினால் கதவைத் திறக்கச் சொல்வார். அந்தப் பழக்கமும் உறவும்தான் அங்கே பாதுகாப்பு. முகாமில் அது கிடையாது.

இனி, கலந்துகொள்வது பற்றி. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவருக்கு லக்கோட்டா நண்பர் குடும்பத்திலிருந்து அழைப்பு வருவது நடக்காத விஷயம் இல்லை. அப்படி வந்தால், அது பெரும்பாலும் கீழே உதவத்தான் இருக்கும். விறகு பிளப்பது, கல் சுமப்பது, சமைப்பது, நெருப்பைக் காப்பது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. இதை ஏதோ இரண்டாம் தர இடம் என்று எண்ணிவிடக் கூடாது. சடங்கின் பாதி அங்கேதான் நடக்கிறது. லக்கோட்டா இளைஞர்களே பல ஆண்டு இந்த வேலையைச் செய்துதான் மேலே போகிறார்கள்.

போகும்போது புகையிலை கொண்டு போங்கள். அரிசி, மாவு, காபித்தூள், இறைச்சி, கம்பளி என்று அடிவாரச் சமையலுக்கும் பரிசுக்கும் உதவுவதைக் கொண்டு போவது வழக்கம். ஒதுக்கீட்டு நிலங்களில் வறுமை கடுமை, நாலு நாள் கூட்டத்துக்குச் சோறு போடுவது அந்த வீட்டுக்குச் சுமை. மதுவோ வேறு போதையோ சுத்தமாகக் கூடாது. குடிலுக்கும் குழாய்க்கும் நெருப்புக்கும் அருகில் போனை எடுக்காதீர்கள். பெண்கள் மாதவிடாய் நாட்களில் சடங்கு இடத்துக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் பெண்ணிடம் உள்ள சக்தி சடங்கின் சக்தியோடு மோதும் அளவுக்குப் பெரியது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். ஏதாவது புரியாவிட்டால் வயதில் மூத்தவரிடம் தனியாக, மெதுவாகக் கேட்கலாம். குடிலுக்குள் அழைத்தால், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம், கர்ப்பம் என்று எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். முடியாவிட்டால் மிடாகுயே ஒயாசின், எல்லோரும் என் உறவினர், என்று சொன்னால் கதவு திறக்கும். சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

சில ஆண்டுகள் கழித்து, நீயும் மேலே நிற்கலாம் என்று அந்தப் பெரியவரே சொன்னால், அது வேறு கதை. அப்போது மருத்துவரிடமும் கேட்டுவிட்டு, ஒரு பகல் இரவோடு தொடங்குங்கள். பல இடங்களில் ஒருமுறை ஏறினால் நான்கு ஆண்டுக்கு வாக்குக் கொடுப்பது போல. திரும்பத் திரும்ப வர முடியாத வாழ்க்கை என்றால் ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே மரியாதை.

அழைப்பு இல்லாதவர்கள் பேர் பியூட்டுக்குப் பார்வையாளராகப் போகலாம். பூங்காவின் தகவல் மையத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பாதையை விட்டு விலகாதீர்கள். மரத்தில் கட்டிய துணியைத் தொடவோ அவிழ்க்கவோ கூடாது, நினைவுப் பொருளாக ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். யாராவது வேண்டிக்கொண்டிருந்தால் படம் எடுக்காமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள்.